குராக்: காமா பயில்வானும் குஸ்தித் தொழிலும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சாபிலும் வட இந்தியச் சமஸ்தானங்களிலும் குஸ்தி என்பது தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் இறங்கிவந்த முழுநேரத் தொழிலாக இருந்தது. அத்தொழிலின் வரலாற்றை வெற்றி தோல்விகளின் பட்டியலாக மட்டும் எழுதுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது ‘குராக்’ என்ற ஒன்றையே. குராக் என்பது பயில்வானின் அன்றாட ஊட்டம்; பால், நெய், அரைத்த பாதாம், இறைச்சிச் சாறு ஆகியவை அடங்கிய இவ்வுணவின் செலவை ஒரு சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாது என்பதால், பயில்வான் ஒருவன் உருவாக வேண்டுமானால் அவனுக்கு ஊட்டம் அளிக்கும் கை ஒன்று முதலில் இருந்தாக வேண்டும். ‘மகா காமா’ எனப் புகழ்பெற்ற குலாம் முகமது பக்‌ஷின் வாழ்வை, அக்கை அரண்மனையிலிருந்து அனுமதிச்சீட்டு விற்பவரிடம் மாறிய காலத்தின் வரலாறாகவே படிக்கலாம்.

இத்தொழிலின் சொற்கள் தமிழுக்கும் புதியவை அல்ல. பாரசீகத்தின் ‘பஹ்லவான்’ தமிழில் பயில்வான் ஆனார். ஆசான் என்னும் பொருள்தரும் ‘உஸ்தாத்’ வஸ்தாது ஆனார். வடக்கே அகாடா என்றும் தமிழில் கோதா என்றும் வழங்கும் குஸ்திக்களம், எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்தப்பட்ட மண்ணால் ஆனது. புள்ளிக் கணக்கோ சுற்றுக் கணக்கோ இல்லாத இக்குஸ்தியில் எதிராளியின் இரு தோள்களையும் மண்ணில் படியவைப்பதே வெற்றி. அதற்கு ஒரு நிமிடமும் ஆகலாம், பொழுது சாயும்வரையும் ஆகலாம்.

1878-இல் பிறந்ததாகக் கொள்ளப்படும் காமா, அமிர்தசரசைச் சேர்ந்த காஷ்மீரி முஸ்லிம் பயில்வான் மரபினர். தந்தை அஜீஸ் பக்‌ஷ், மத்திய இந்தியாவின் தத்தியா சமஸ்தானத்தை அண்டிப் பிழைத்த பயில்வான். ஏறத்தாழ ஆறு வயதில் தந்தையை இழந்த சிறுவனைத் தாய்வழிப் பாட்டனும், அவருக்குப்பின் மாமன் ஈதா பயில்வானும் வளர்த்தனர். 1888-இல் ஜோத்பூரில் நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் கலந்துகொண்ட பஸ்கிப் போட்டியில், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சியில், கடைசிவரை தாக்குப்பிடித்த பதினைந்து பேரில் பத்து வயதுக் காமாவும் ஒருவர் என்பதைக் கண்ட ஜோத்பூர் மகாராஜா, வயதைக் கருதி அவரையே வெற்றியாளராக அறிவித்தார். இதன் பயன் பரிசைவிடப் பெரியது: தத்தியா மன்னர் சிறுவனின் பயிற்சிக்கும் ஊட்டத்துக்கும் பொறுப்பேற்றார்.

வளர்ந்த காமா நாளொன்றுக்கு 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுத்தார் என்ற செய்தி நூலுக்கு நூல் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. புகழ்பெற்றவரின் கணக்கில் சற்று மிகை ஏறியிருக்கலாம். ஆயினும் ஒன்றுக்கு 2 நொடி எனக் கொண்டால் இவை இரண்டுக்கும் ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். அதன்மேல் கோதாவில் பல ஜோடிகளுடன் பிடிக்கும் குஸ்தியும், அதற்கேற்ற உணவும் உறக்கமும் சேர்ந்தால், அம்மனிதனுக்கு வேறு பிழைப்புக்கு நேரமே இராது. மன்னரின் ஆதரவு பெருமைக்காக மட்டும் நாடப்பட்டதன்று என்பதற்கு இக்கணக்கே போதும். கோலாப்பூரின் சாகு மகாராஜா போன்றோர் இதில் பெரும்பொருள் செலவிட்டதற்கும் காரணம் உண்டு. படை நடத்தும் உரிமையை ஆங்கிலேயரிடம் இழந்துவிட்ட மன்னர்களுக்கு, தம் பயில்வான் அடுத்த சமஸ்தானத்துப் பயில்வானை மண்ணில் சாய்ப்பது எஞ்சியிருந்த சில வெற்றிகளுள் ஒன்றாயிற்று.

1895-இல் காமா, குஜ்ரன்வாலாவின் ரஹீம் பக்‌ஷ் சுல்தானிவாலாவை எதிர்கொண்டார். ஏறத்தாழ ஏழடி உயரம் கொண்டவராகச் சொல்லப்படும் ரஹீமுக்கு எதிரே ஐந்தடி ஏழு அங்குலக் காமா நின்ற அக்குஸ்தி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பதினேழு வயது இளைஞனின் பெயர் நாடெங்கும் பரவ அதுவே போதுமானதாக இருந்தது.

1910-இல் காமாவும் அவர் தம்பி இமாம் பக்‌ஷும் லண்டன் சென்றபோது அங்கே கண்ட தொழில் வேறொன்று. ஐரோப்பாவில் மல்யுத்தம் இசையரங்குகளில் நுழைவுச்சீட்டு விற்று நடத்தப்படும் காட்சியாகியிருந்தது. மன்னரின் இடத்தில் ஏற்பாட்டாளர் இருந்தார். உயரம் போதாது என்று முதலில் போட்டியில் சேர்க்கப்படாத காமா, அவ்வுலகின் வழக்கத்தையே கைக்கொண்டு, எந்த எடையினராயினும் மூவரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவதாக வெளிப்படையாக அறைகூவினார். இதை வெறும் விளம்பரம் என்று எண்ணியவர்கள், ஆகஸ்டு மாதத்தில் அல்ஹாம்ப்ரா அரங்கில் அமெரிக்கரான டாக்டர் பெஞ்சமின் ரோலரை அவர் முதல்முறை 2 நிமிடத்துக்குள்ளும் மறுமுறை 10 நிமிடத்துக்குள்ளும் வீழ்த்தியதைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டனர்.

செப்டம்பர் 10 அன்று, ‘ஜான் புல்’ இதழின் பட்டத்துக்காகப் போலந்து நாட்டு ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவுடன் நடந்த மோதலே காமாவின் பெயரை உலகறியச் செய்தது. முதல் நிமிடத்துக்குள் தரைக்கு இழுக்கப்பட்ட ஸ்பிஷ்கோ, எழுந்து நின்று பொருதால் தோல்வி உறுதி என உணர்ந்து, விரிப்போடு விரிப்பாகக் கவிழ்ந்து படுத்தார். காமாவைவிடப் பெரிதும் எடை மிகுந்த அவ்வுடலைப் புரட்ட இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக முயன்றும் இயலாமல் போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. கோதாவின் வழக்கில் இது கோழைத்தனம் எனப்பட்டிருக்கும். ஆயினும் விதிகள் இதைத் தடுக்கவில்லை என்பதையும், தற்காப்பும் ஒரு கலையே என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்துக் குறிக்கப்பட்ட மறுபோட்டிக்கு ஸ்பிஷ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கு அளிக்கப்பட்டது. அந்நாளின் பெரும்பெயர்களான ஃபிராங்க் காட்சும் ஹாக்கன்ஷ்மிட்டும் அவருடைய அறைகூவலை ஏற்கவே இல்லை.

நாடு திரும்பியபின் அலகாபாத்தில் ரஹீமை வென்று ‘ருஸ்தமே ஹிந்த்’, அதாவது இந்தியாவின் ருஸ்தம், என்ற பட்டத்தைக் காமா பெற்றார். ருஸ்தம் பாரசீகக் காவியத்தின் மாவீரன். அதன்பின் எதிர்நிற்க ஆளின்றிப் பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங்கின் ஆதரவில் வாழ்ந்தார். ஸ்பிஷ்கோவின் பாதை வேறு திசையில் சென்றது. அமெரிக்க மல்யுத்தம் முன்கூட்டி முடிவு செய்யப்படும் நாடகமாக மாறியிருந்த காலம் அது. 1925-இல், கால்பந்து வீரராக இருந்து மல்லராக்கப்பட்ட வேய்ன் மன்னிடம் தோற்கவேண்டும் என்ற ஏற்பாட்டை மீறி, உண்மையாகவே மோதி அவரை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தவர் ஸ்பிஷ்கோ. நாடகத்துக்குள் நின்று மெய்க்குஸ்தி பிடித்த அம்மனிதரை 1928 ஜனவரியில் பட்டியாலா மன்னர் வரவழைத்து மீண்டும் காமாவின் எதிரே நிறுத்தினார். இருவரும் ஐம்பதை நெருங்கியிருந்தனர். இம்முறை தரை விரிப்பு அன்று, மண். ஒரு நிமிடம் நிறையும் முன்பே ஸ்பிஷ்கோவின் தோள்கள் அதில் படிந்தன. அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சனும் சில நிமிடங்களுக்குள் வீழ்ந்தார்.

1947-க்குப்பின் நிலை தலைகீழாயிற்று. பிரிவினைக் கலவரத்தில் லாகூரில் தம் தெருவிலிருந்த இந்துக்களுக்குக் காமா காவலாக நின்றார் என்பது அவரைப் பற்றி இன்றளவும் சொல்லப்படும் செய்தி. ஆனால் அவரை வளர்த்த சமஸ்தானங்கள் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டதோடு, அடுத்த ஆண்டே பட்டியாலாவும் தனியரசாக இல்லாமல் போயிற்று. குராக் அளிக்கும் கை மறைந்தபோது, நோயுற்ற முதியவரின் மருத்துவச் செலவுக்கே வழி தேட வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா உதவித்தொகை அனுப்பியதாகக் கூறுவர். 1960 மே மாதம் லாகூரில் காமா காலமானார். அவரோடு இரு முறை மோதிய ஸ்பிஷ்கோவோ அதற்குப் பத்தாண்டுகள் முன்பே ‘நைட் அண்ட் தி சிட்டி’ என்ற திரைப்படத்தில், போலி மல்யுத்தத்தை வெறுக்கும் முதிய மல்லராக நடித்திருந்தார்.

இமாம் பக்‌ஷின் மக்கள் போலு, அக்ரம் முதலியோர் பாகிஸ்தானில் குடும்பத் தொழிலைக் காட்சிப் போட்டிகளின் வழியே தொடர்ந்தனர். 1976 டிசம்பரில் கராச்சியில் அக்ரம், ஜப்பானின் அன்டோனியோ இனோகியை எதிர்கொண்டார்; அதே ஆண்டு ஜூனில் முகமது அலிக்கு எதிராகப் பெரும்பகுதி நேரம் தரையில் படுத்தபடியே மோதிய அந்த இனோகி, அக்ரமின் கையை முறுக்கிச் சேதப்படுத்தி வென்றார். 1979-இல் லாகூரில், அக்ரமின் சகோதரர் மகனான ஜாரா இனோகியை எதிர்கொண்டார். ஐந்து சுற்றுகளும் முடிவின்றிக் கழிந்தபோது, இனோகி தாமே ஜாராவின் கையைப் பிடித்துக் கூட்டத்தின் முன் உயர்த்தினார்.