'நேபாபு' என்னும் வசைப்பெயரும் சவ்வாது மலை நாடும்

அமெரிக்க மேலவையில் 1872-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பேசிய சார்லசு சம்னர், குடியரசுத் தலைவர் கிராண்டின் ஆட்சிச் சீர்கேடு முழுவதையும் 'கிராண்டியம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிச் சாடினார். தலைவரின் பெயரே அவர்தம் ஆட்சியின் இழிவுக்குப் பெயராயிற்று. இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே நம் ஆற்காட்டு நாட்டுப் பட்டம் ஒன்று ஆங்கிலத்தில் வசைப்பெயராக வழங்கியது. ஆயின் அவ்வசை, குற்றவாளியின் பெயரைவிட்டுப் பிறர் பட்டத்தைப் பற்றிக்கொண்டது. ஈண்டு ஆராயத்தக்கது அதுவே.

'நாயிப்' என்னும் அரபுச் சொல் பதிலாளியைக் குறிப்பது. அதன் பன்மை மதிப்புக் கருதி ஒருவர்க்கே வழங்கி 'நவாபு' ஆயிற்று. போர்த்துக்கீசியர் வாயில் அது திரிய, ஆங்கிலேயர் 'நேபாபு' என்றனர். 1760-க்குப் பின், கம்பெனிப் பணியில் பெரும்பொருள் திரட்டித் தாயகம் மீண்ட ஆங்கிலேயரையே அச்சொல் சுட்டலாயிற்று. 1772-இல் சாமுவேல் பூட்டு அப்பெயராலேயே ஒரு நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றினார்.

சென்னைக் கோட்டை ஆளுநர்க்குப் 'பிரசிடெண்டு' என்ற பட்டமும் உண்டு. 'பிரசிடென்சி' என்ற பெயர் அதன்வழி வந்ததே. 1778 முதல் 1780 வரை அப்பதவி வகித்த சர் தாமசு ரம்போல்டு இவ்வசைக்குச் சிறந்த இலக்கானார். அவர் முன்னரே பெயர் கெட்டவர். 1774-ஆம் ஆண்டு சாப்ட்சுபரித் தேர்தலில் அவர் தரப்பினர் வாக்காளர்க்குப் பொற்காசு வழங்கிய வழக்கு நாடறிந்தது. பொம்மலாட்டக் கோமாளியின் வேடம் புனைந்த ஒருவன் கதவின் துளைவழியே பணப்பையை நீட்டினானாம்! சென்னையில் வடசர்க்கார் சமீன்தார்களிடம் கையூட்டுப் பெற்றார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். 1781-இல் இயக்குநர் அவரைப் பணிநீக்கம் செய்தனர். 1782-இல் தண்டா பாராளுமன்றத்தில் தண்டனை மசோதா கொணர்ந்தார். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது.

இனி, இயற்பெயராகவே நவாபு எனப்பட்ட முகம்மதலி வாலாசாவைக் காண்போம். சவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூரில் 1749-இல் தந்தை அன்வருத்தீன் போரில் வீழ, இவர் கம்பெனியின் துணையால் அரசு எய்தினார். படைச்செலவுக்குக் கம்பெனிக்குக் கடன். அக்கடனை அடைக்கக் கம்பெனி ஊழியரிடமே தனிக்கடன். பால் பென்பீல்டு போன்றோர் வட்டிக்கு ஈடாக ஊர்களின் நிலவரியையே பெற்றனர். வரி தண்டுவோன் கடன்காரனின் ஆளாக இருந்தமையால் விளைவு குன்றியபோதும் வரி குன்றவில்லை. வாலாசாவும் செட்டானவர் அல்லர் என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும் அவர் செலவு செய்தது கடன், இறுத்தது உழவன்.

சவ்வாது மலையின் தென்பால் செங்கம் கணவாய் உளது. செங்கத்தைத் தமிழாய்வாளர் நடுகற்களால் அறிவர். அங்கு 1767 செப்டம்பரில் ஐதரலியும் ஆங்கிலேயரும் பொருதனர். 1780 சூலையில் ஐதர் மீண்டும் அவ்வழியே பெரும்படையுடன் இறங்கி ஆற்காட்டுச் சமவெளியை எரியூட்டினார். குண்டூரை வாலாசாவுக்குக் குத்தகைக்கு விட்டு நிசாமின் பகை தேடியதும், ஐதர்க்கு வேண்டிய மாகியை 1779-இல் கைப்பற்றியதும் ரம்போல்டின் ஆட்சியில் நிகழ்ந்தவை. படை இறங்கியபோது அவர் கப்பலேறிச் சில திங்கள் கழிந்திருந்தன.

1783-இல், சிலர் நேபாபு எனப் பெயர் பெற்ற காரணத்தை ஆராயும் சிறுநூல் ஒன்று இலண்டனில் வெளிவந்தது. அக்காரணம் எளிது. 'கிராண்டியம்' என்றவர் கிராண்டை விடை சொல்ல அழைத்தார். 'நேபாபு' என்றவரோ, ஊழல் கீழ்நாட்டுத் தொற்று, அங்குச் சென்றோர் அதனைப் பெற்றுவந்தனர் என்று கொண்டார். சாப்ட்சுபரிக் கோமாளி ஆற்காட்டில் கற்றவன் அல்லன். எட்மண்டு பர்க்கு 1785 பிப்ரவரி 28-இல் ஆற்காட்டுக் கடன் பற்றி ஆற்றிய பேருரை இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கியது. பென்பீல்டு தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு ஆக்கினார் என்று அவர் வெளிப்படையாகவே சாடினார். எனினும் தண்டா உறுப்பினராயிருந்து முன்னின்று நடத்திய மேற்பார்வைக் கழகம் கடன்களை ஆராயாமலே ஏற்று, ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் கருநாடக வருவாயிலிருந்து செலுத்த விதித்தது. ரம்போல்டின்மீது மசோதா கொணர்ந்த அதே தண்டாதான்.

1801-இல் ஆற்காட்டு அரசு கம்பெனிவயமாயிற்று. பிற்காலக் கடன்களை ஆராய 1805-இல் அமைந்த ஆணையத்தின் முன் 3 கோடிப் பவுனுக்கு மேல் உரிமை கோரப்பட்டது. பத்தில் ஒரு பங்கும் உண்மையானதாக ஏற்கப்படவில்லை.