கீட்டோ–குறைமாவு மாற்றுமுறை உணவு: நெல்லிக்குப்பம் வட்டாரம்

உடல் எடையைக் குறைப்பதற்காகச் சில வாரங்கள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவும் அடுத்த சில வாரங்கள் அளவான மாவுச்சத்து சேர்ந்த உணவுமாக மாறி மாறிச் சாப்பிடும் முறை. கீட்டோ கட்டத்தில் ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராம் வரைதான். மிதமான கட்டத்தில் 130 கிராம் வரை போகலாம். இந்தியர்களின் அன்றாட ஆற்றலில் ஏறக்குறைய 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வான ஐசிஎம்ஆர்–இந்தியாப். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது சுமார் 310 கிராம். ஆகவே சோற்றுக்குப் பழகியவருக்கு மிதமான கட்டமே பெரிய குறைப்புதான்.

கீட்டோ உணவு முதலில் எடைக் குறைப்புக்காக வந்ததன்று. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோயாளிகளுக்காக இதைப் பரிந்துரைத்தார். 1972-ல் ராபர்ட் அட்கின்ஸ் தன் நூலில் மாவுச்சத்தை முதலில் கடுமையாகக் குறைத்து, பிறகு படிப்படியாகக் கூட்டச் சொன்னார். இன்றைய மாற்றுமுறையின் சாயல் அதிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவுச்சத்தைக் குறைக்கும் பேச்சு பரவியது 2010-களில், பேலியோ என்ற பெயரில். நியாண்டர் செல்வன் எழுதி கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட ‘பேலியோ டயட்’ நூலும், அவர் முன்னின்று நடத்திய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவும் நூறு பாதாமையும் பட்டர் டீயையும் சிற்றூர்கள் வரை கொண்டுபோயின.

மாவுச்சத்து குறைந்ததும் உடல் முதலில், தான் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனைக் கரைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரத்தில் தராசு காட்டும் வேகமான இறக்கத்தில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். இரண்டு முதல் நான்கு நாட்களில் கல்லீரல், கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கத் தொடங்கும். மிதமான கட்டத்துக்குத் திரும்பும்போது கிளைக்கோஜனோடு தண்ணீரும் திரும்ப வரும். நாலைந்து நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறும். ஏறியது கொழுப்பன்று. இது தெரியாமல் “எல்லாம் போச்சு” என்று கைவிடுபவர்கள் நிறைய. முறையைத் தொடங்கும் முன்பே ஒருவருக்குச் சொல்லிவைக்க வேண்டிய முதல் செய்தி இது.

இப்படி மாற்றிச் சாப்பிட்டால் வளர்சிதை மாற்றம் விழித்துக்கொள்ளும், எடைத் தேக்கம் உடையும் என்ற நம்பிக்கைக்கு உறுதியான சான்று இல்லை. 2013-ல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்டோனியோ பாவோலி குழுவினர் பருமனான 89 பேரின் ஓராண்டுத் தரவுகளை வெளியிட்டனர். 20 நாள் கீட்டோ, 20 நாள் குறைமாவு, நான்கு மாதம் மத்தியதரைக் கடல் உணவு, மறுபடி 20 நாள் கீட்டோ, பிறகு மத்தியதரைக் கடல் உணவு என்று போன திட்டம் அது. பெரும்பாலோருக்குக் குறைந்த எடை குறைந்தபடியே நின்றது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் மாறி மாறிச் சாப்பிட்டதுதான் காரணம் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை ஓராண்டு கவனித்தார். குறைமாவு உண்டவர்கள் சராசரியாக 6 கிலோவும் குறைகொழுப்பு உண்டவர்கள் 5.3 கிலோவும் இழந்தனர், பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. இம்முறையின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது: கீட்டோவைக் காலம் முழுதும் தாங்க முடியாதவருக்கு, பழைய அளவுக்கே திரும்பிவிடாமல் இளைப்பாற ஓர் இடம் கிடைக்கிறது.

நெல்லிக்குப்பம் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே, கரும்பும் நெல்லும் விளையும் சமவெளியில் இருக்கிறது. 1842-ல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலை இவ்வூரின் அடையாளம். தெற்கே சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சும் பெயர் பெற்றவை. சோறே முதன்மையான இப்படிப்பட்ட வட்டாரத்தில் மிதமான கட்டத்தைத்தான் கவனமாகத் திட்டமிட வேண்டும். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மதியம் 150 கிராம் சோறு வைத்தால் 42 கிராம் ஆயிற்று. கூடவே மத்தி மீன் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும், காலையில் இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், இரவில் ஒரு தோசையும் மோரும் என்றால் நாள் 100 கிராமுக்குள் அடங்கிவிடும். சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுவதில் பெரிய ஆதாயமில்லை. இரண்டு சப்பாத்தியே ஏறக்குறைய அந்த 150 கிராம் சோற்றுக்குச் சமம்.

கீட்டோ கட்டத்துக்குக் கடலூர் முதுநகர்த் துறைமுக மீன் பெரும் துணை. மீனில் மாவுச்சத்து கிடையாது. மாவு தோய்க்காமல் வறுக்க வேண்டும், அவ்வளவுதான். குழம்பில் புளி கவனிக்க வேண்டியது. எலுமிச்சை அளவுப் புளியில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். நால்வருக்கான சட்டியில் ஒருவர் பங்குக்கு நான்கு கிராம் வரும். அது பரவாயில்லை. பண்ருட்டி முந்திரிதான் பலரைத் தடுமாற வைக்கிறது. பாதாமைப் போல அதையும் கைநிறைய அள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நார்ச்சத்தைக் கழித்தால் 100 கிராம் பாதாமில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து, முந்திரியில் 27 கிராம். விருத்தாசலம் பக்கத்து வேர்க்கடலையில் அதே கணக்கில் சுமார் 8 கிராம், விலையும் குறைவு. பண்ருட்டிப் பலாச்சுளை 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்தைத் தருவதால் கீட்டோவுக்கு ஆகாது. மிதமான கட்டத்தில், சோற்றைக் குறைத்துக்கொண்டு, இரண்டு சுளை தின்னலாம்.

சைவ உணவுக்காரர்களின் நிலை கடினம். வடலூர் வள்ளலார் வழியில் புலால் தவிர்க்கும் குடும்பங்கள் கடலூர் மாவட்டத்தில் உண்டு. அவர்களுக்குப் பன்னீர், தேங்காய், வேர்க்கடலை, தயிர் என்று பட்டியல் சுருங்கிவிடும். பருப்பும் சுண்டலும் கீட்டோவில் கொஞ்சமாகத்தான் நுழையும். இவர்கள் மிதமான கட்டத்திலேயே நீண்ட நாள் நிற்பது நல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஐசிஎம்ஆர்–இந்தியாப் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு. எடை குறைக்க வருபவர்களில் பலர் ஏற்கெனவே நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள். கிளிமெபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர் பழைய அளவு மருந்தோடு கீட்டோவில் இறங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை அதிகம் உயராமலே கீட்டோ அமிலத்தேக்கம் வரக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு அதன் அறிகுறிகள். மிதமான கட்டத்தில் மாவுச்சத்து கூடும்போது மருந்தளவை மறுபடி பார்க்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் தொடங்கும் முன்பு கிரியேட்டினின் (சிறுநீரகம்), எல்டிஎல் (கெட்ட கொழுப்பு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கீட்டோவில் சிலருக்கு எல்டிஎல் கொழுப்பு வெகுவாக ஏறுகிறது. அப்படி ஏறியவர்கள் நெய்யையும் வெண்ணெயையும் குறைத்து, மீனும் வேர்க்கடலையும் கூட்டி, மிதமான கட்டத்துக்கு வந்துவிடலாம்.