கிள்ளின இடத்தில் நடப்பது என்ன?

தலவாக்கலைப் பக்கம் யாரிடமாவது தேயிலைச் செடி எவ்வளவு உயரம் என்று கேட்டுப் பாருங்க. கையை இடுப்பளவில் வைத்துக் காட்டுவாங்க. ஆனால் தேயிலை உண்மையில் ஒரு மரம். விதைக்காக வெட்டாமல் விட்ட தேயிலை லயத்துக் கூரையையும் தாண்டி நிற்கும். அசாம் வகை பத்து மீற்றருக்கு மேலேயும் வளரும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலத்திலிருந்து, இந்த மரத்தை இடுப்புக்கு மேலே போகவிடாமல் வைத்திருப்பது எது?

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள். விஞ்ஞானத்தை ஓ.எல்.லோடு விட்டாச்சு. ஆனால் இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனால் கடைசியில் தாவரக் கலத்துக்குள்ளேதான் போய் நிற்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு பேச்சு நடக்குது. அந்தப் பேச்சை ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை இடையில் நிறுத்துவது கொழுந்தெடுக்கிற பெண்களின் விரல்.

முதலில் விரல் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வந்த கொழுந்தை மட்டும் கிள்ளணும். கீழே இருக்கிற இலையைத் தொடக்கூடாது. இன்னும் முத்தாத சின்னக் கொழுந்தை அடுத்த முறைக்கு விடணும். வளர்ச்சி நின்று, மொட்டு விரியாமல் கிடக்கிற கொழுந்தை அடையாளம் கண்டு ஒடித்துப் போடணும். மட்டக்கம்பு வைத்துச் செடியின் மேல்மட்டத்தைச் சமமாக வைத்திருக்கணும். என் அம்மாயி இதையெல்லாம் பேசிக்கொண்டே, பார்க்காமலே செய்வா. "கிள்ளினாத்தான் பக்கத்துல வெடிக்கும்" என்பது அவ சொல்கிற ஒரே விளக்கம்.

அது ஏன் பக்கத்தில் வெடிக்குது என்று கண்டுபிடிக்க உலகத்துக்குப் பல வருடம் எடுத்தது.

நம் மலைகளில் இலை நோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த 1880 இல், இங்கிலாந்தில் சார்ள்ஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். புல் நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளைவதைப் பற்றிய சோதனைகள் அதில் இருந்தன. நாற்றின் நுனியை மூடினால் அது வளையவில்லை. ஆனால் வளைகிற இடம் நுனி அல்ல, அதற்குக் கீழே. அப்படியென்றால் நுனியிலிருந்து கீழே ஏதோ ஒரு செய்தி போகணும். அது என்ன செய்தி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

1920களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட் அந்தச் செய்தியைப் பிடித்தார். ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி ஏகார் துண்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு நுனியை எறிந்துவிட்டு, அந்த ஏகாரை மட்டும் வெட்டிய நாற்றின் மேல் ஒரு ஓரமாக வைத்தார். நாற்று வளைந்தது. அதாவது செய்தி ஒரு இரசாயனப் பொருள். அதற்குப் பின்னால் வந்த பெயர் ஒட்சின்.

எங்கட கதைக்கு முக்கியமான சோதனை 1933 இல் வந்தது. கலிபோர்னியாவில் கென்னத் திமானும் ஃபோல்க் ஸ்கூக்கும் ஒரு வகை அவரைச் செடியின் நுனியை வெட்டினார்கள். பக்க அரும்புகள் எழும்பின. இன்னொரு செடியில் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒட்சின் கலந்த ஏகாரை வைத்தார்கள். நுனி இல்லாமலே பக்க அரும்புகள் தூங்கின. மேலே இருக்கிற நுனி, கீழே இருக்கிற அரும்புகளை ஒட்சின் மூலம் அடக்கி வைக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு உச்சியாட்சி என்று பெயர்.

அம்மாயியின் "கிள்ளினாத்தான் வெடிக்கும்" என்பதும் இந்தச் சோதனையும் ஒரே விஷயம்தான். கொழுந்தின் இளம் இலைகள்தான் ஒட்சினைச் செய்கின்றன. அது தண்டில் கலத்திலிருந்து கலத்துக்குக் கைமாறி, மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் கீழே இறங்குகிறது. கொழுந்தைக் கிள்ளினால் ஒட்சின் வருவது நின்று போகும், இலைக் கக்கத்தில் தூங்கின அரும்பு எழும்பும். பல வாரம் கழித்து அதுவே புதுக் கொழுந்து. கிள்ளாமல் விட்டால் நுனி மேலே போய்க்கொண்டே இருக்கும், செடி மரமாகும்.

கலம் ஒட்சினை எப்படி உணருது? அதற்குப் பதில் 2005 இல்தான் வந்தது. ஒரே சமயத்தில் இரண்டு குழுக்கள் 'டிர்1' என்ற புரதம்தான் ஒட்சினை ஏந்துவது என்று காட்டின. அதில் ஒரு குழுவின் கட்டுரையில் முதல் பெயர் நிஹால் தர்மசிறி. நம் நாட்டில் கேட்டுப் பழகின பெயர் என்பதால் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒட்சின் அந்தப் புரதத்தில் போய் உட்கார்ந்ததும், சில மரபணுக்களுக்குப் பிரேக் போட்டு வைத்திருந்த வேறு புரதங்கள் அழிக்கப்படுகின்றன. பிரேக் போனதும் மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன.

கதை இதோடு முடியவில்லை. கிளை விடாதே என்று சொல்கிற இன்னொரு ஓமோன் 2008 இல் அடையாளம் காணப்பட்டது. எழும்பு என்று சொல்கிற சைற்றோகைனின் ஏற்கெனவே தெரிந்ததுதான். 2014 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் பட்டாணிச் செடியில் இன்னொன்றைக் காட்டினார்கள்: நுனியை வெட்டியதும் அரும்பை முதலில் எழுப்புவது ஒட்சின் குறைவது அல்ல, சீனி வந்து சேர்வது. நுனி தின்றுகொண்டிருந்த சீனி இப்போது பக்க அரும்புக்குக் கிடைக்கிறது. சாப்பாடு வந்த பிறகுதான் அரும்பு கண் முழிக்கிறது.

இந்தச் சீனி விஷயம் நம் மலைக்கு ரொம்பப் பொருந்தும், கவ்வாத்து என்று ஒன்று இருப்பதால். சில வருடத்துக்கு ஒரு தடவை செடியை இலையே இல்லாமல், வெறும் கட்டையாக வெட்டி விடுவாங்க. இலை இல்லாவிட்டால் சீனி செய்ய வழியில்லை. பிறகு எதை வைத்துத் துளிர்க்கும்? வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளை வைத்து. அதனால்தான் கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் விட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. கருநீலமாக மாறினால் மாப்பொருள் இருக்கு, வெட்டலாம். மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுக்கணும். அல்லது இலையோடு ஒரு கிளையை விட்டு வெட்டணும். மாப்பொருள் இல்லாத செடியை வெட்டினால் செத்துப் போகும்.

இந்த ஆராய்ச்சிகளுக்கு நம் ஊரிலேயே ஒரு முகவரி உண்டு. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. டீ.ஆர்.ஐ. 2025 மாதிரி நம்பர் போட்ட வி.பி. தேயிலை அங்கேயிருந்து வந்ததுதான். ஒரு இலையும் ஒரு கணுவும் உள்ள சின்னத் துண்டை மண்ணில் ஊன்றினால் அடியில் வேர் விடுமே, அதுவும் ஒட்சின் வேலைதான். மேலிருந்து இறங்கி வெட்டுவாயில் தேங்குகிற ஒட்சின் அங்கே வேரைக் கிளப்புகிறது.

இப்போ ஒரு வரலாற்று மாணவியாக எனக்கு இரண்டு விஷயம் உறுத்துது.

ஒன்று, பதிவு. டார்வினிலிருந்து தர்மசிறி வரைக்கும் பெயர்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியுது. அதே காலத்தில் ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் செடியின் உச்சியாட்சியை உடைத்த பெண்களுக்குத் தோட்டத்துப் புத்தகத்தில் இருப்பது கிலோ கணக்கு. கிலோ குறைந்தால் அரைப்பேர். எந்தக் கொழுந்தைக் கிள்ளணும், எதை விடணும் என்று ஒரு நொடியில் எடுக்கிற முடிவு எந்தக் கணக்கிலும் வராது. அந்த முடிவுதான் அடுத்த முறையின் கொழுந்தைத் தீர்மானிக்குது. 2021 இல் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கு முன் எவ்வளவு இழுபறி நடந்தது என்று நமக்குத் தெரியும். கொழுந்து பறிப்பதைத் தேர்ச்சி இல்லாத வேலை என்று நினைக்கிறவரைக்கும் அந்த இழுபறி தொடரும்.

இரண்டு, ஒரு உவமை. 2023 இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தாங்க. அந்தச் சமயத்தில் "வெட்ட வெட்டத் துளிர்க்கும் தேயிலை போல எங்கள் சமூகம்" என்கிற மாதிரிப் பேச்சு நிறையக் கேட்டேன். நானும் ஸ்கூல் மேடையில் அப்படிப் பேசிக் கைதட்டு வாங்கியவள்தான். இப்போ அப்படிப் பேச எனக்கு மனசு வரல. தேயிலை வெட்டுப்படுவதால் துளிர்க்கவில்லை. வேரில் மாப்பொருள் இருப்பதால் துளிர்க்கிறது. 1948 இல் பிரஜாவுரிமை போனபோது, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் கப்பலேறினபோது, நம் வேரில் என்ன மிச்சம் இருந்தது என்று யாரும் அயடீன் விட்டுப் பார்க்கவில்லை. சொந்தக் காணி, முகவரியுள்ள வீடு, பக்கத்திலேயே ஏ.எல். விஞ்ஞானம் இருக்கிற பள்ளிக்கூடம், இவைதான் நம் மாப்பொருள்.

இதையெல்லாம் அம்மாயிடம் சொன்னேன். ஒட்சின், புரதம், சீனி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா. "அது சரி, அந்த வெள்ளக்காரன் ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுத்தான்?" என்று கேட்டா.