ஓய்வும் தொழிலாளியின் ஹக்கே



வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால், பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அதற்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அந்நாளில் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஆலை ஓடும். கோடையில் பகல் நீண்டால் வேலையும் நீளும். 1884-இல் நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவரின் தலைமையில் 5,500 தொழிலாளர்கள் ஒரு மனுவில் கையொப்பமிட்டனர். வாரம் ஒரு நாள் ஓய்வு, நண்பகலில் அரை மணி நேர இடைவேளை, உரிய காலத்தில் ஊதியம் ஆகியவற்றையே அவர்கள் கேட்டனர்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1890 ஏப்ரலில் 10,000 பேர் திரண்ட கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையையும் இடைவேளையையும் உறுதி செய்தது. ஆயினும், ஆண்களின் வேலை நேரத்திற்கு 1911 வரை வரம்பே இல்லை. அவ்வாண்டுதான் பஞ்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் என வரையறுக்கப்பட்டது.

ஆலையை விடுங்கள், நம் கடைவீதிக்கு வாருங்கள். நாள் முழுதும் நின்றே பணிபுரியும் கடைப் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்னும் சட்டம் தமிழ்நாட்டில் 2021-இல்தான் வந்தது!

நம்மில் பலர் கடை நடத்துகிறோம். கூலியைக் குறைத்தால் மட்டுமே பிறர் ஹக்கைப் பறித்தவராவோம் என்று எண்ணிவிடாதீர்கள். பணியாளரின் உணவு வேளையும் அவருடைய ஹக்குதான். அவர் இன்று எப்போது உண்டார், எங்கே அமர்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

பிறர் ஹக்கைப் பேணி நடக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!