பட்டினியும் பளுவும்

உடல் பருத்தவர் இளைக்க வேண்டுமாயின் உணவைக் குறைக்க வேண்டும் என்பது நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் அறிவுரை. உடல் வலுப்பெற வேண்டுமாயின் பளு தூக்க வேண்டும் என்பதும் அவ்வாறே பழகிய சொல். முன்னது மருத்துவர் வாயிலும், பின்னது பயில்வான் வாயிலும் வழங்கி வந்தன. இளைக்க விரும்புவோர் இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொள்வது நலம் என்னும் முடிவோ மிகவும் பிற்பட்டது. தனித்தனியே பிறந்த இவ்விரு வழிகளும் எவ்வாறு ஒன்று கூடின என்பதை இங்கு நோக்குவோம்.

முதலில் உணவை அளக்கும் கலையைக் காண்போம். 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாரிஸ் நகரில், லவாசியே, லாப்லாஸ் என்னும் இரு பேரறிஞர்கள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று அளந்தனர். உயிர் மூச்சும் ஒரு வகை எரிதலே என்பது அவர்கள் கண்ட உண்மை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்வாட்டர் என்பார், மனிதன் ஒருவன் சில நாள் உள்ளேயே தங்கி உண்டு உறங்கத்தக்க ஓர் அறையை அமைத்து, அவன் உண்பதையும் அவன் உடல் வெளியிடும் வெப்பத்தையும் கணக்கிட்டார். மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என இன்றும் வழங்கும் கணக்கு அவர் தந்ததே. உழைக்கும் குடும்பங்கள் குறைந்த செலவில் நிறைந்த ஊட்டம் பெற வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று.

நம் நாட்டு உணவுகளுக்கும் இத்தகைய அட்டவணை பிறந்தது. நீலகிரியில் உள்ள குன்னூர் ஆய்வகத்திலிருந்து, அய்க்ராய்டு என்னும் அறிஞர் இந்திய உணவுகளின் சத்துமதிப்பை 1937இல் நூலாக வெளியிட்டார். அவ்வாய்வகமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. ஆக, கலோரிக் கணக்கை வளர்த்தவர்கள் பெரிதும் எண்ணியது வறியவர் வயிற்றை நிரப்புவதைத்தான். அதே கணக்கை இளைப்பதற்கு உரிய கருவியாக மக்களிடையே பரப்பியவர்களுள் முன்னோடி, லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர். அவருடைய நூல் 1918இல் வெளிவந்து பல்லாயிரக்கணக்கில் விற்றது.

இனிப் பளுவின் கதைக்கு வருவோம். கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. ஆயினும் இரும்புக் குண்டுகளைக் கொண்டு உடலைச் செதுக்கும் முறை உலகெங்கும் பரவ முதன்மையான காரணமாய் நின்றவர் யூஜென் சாண்டோ. 1867இல் பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர், 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் நம்மிடையே இன்றும் வாழ்கிறது. கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்கிறோம். கோவையில் உடற்பயிற்சியால் பெயர் பெற்றுப் பின்னர்த் திரைப்படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவரையும் சாண்டோ என்றே அழைத்தோம். பெங்களூரில் கே. வி. ஐயர் உடற்பயிற்சிக்கூடம் நிறுவிப் பலரைப் பயிற்றினார். வங்கத்தைச் சேர்ந்த மனோதோஷ் ராய் 1951இலும், மனோகர் ஐச் 1952இலும் உலக ஆணழகர் போட்டியில் தத்தம் பிரிவில் வெற்றி கண்டனர்.

இவர்கள் பளு தூக்கியது வலிமைக்காகவும் வனப்புக்காகவும் ஆகும். மருத்துவ உலகமோ அதை நெடுநாள் ஐயத்துடனேயே நோக்கியது. மிகுந்த பளு தூக்கினால் தசைகள் விறைத்துப் போகும், இதயம் கெடும் என்னும் அச்சம் பரவலாக இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க இராணுவ மருத்துவர் டிலார்ம், காயமுற்ற வீரர்களின் நலிந்த கால்களுக்குச் சிறிது சிறிதாகப் பளுவை உயர்த்திப் பயிற்சி அளித்தார். அவர்கள் விரைந்து தேறினர். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பளுவுக்கு மருத்துவமனையில் ஓர் இடத்தைத் தேடித் தந்தது.

அதே காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வேறொரு சோதனை நடைபெற்றது. போரினால் பட்டினியுற்ற மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிவதற்காக, 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தனர். 24 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உண்டு, வாரந்தோறும் 22 மைல் நடந்தனர். அவர்கள் உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. குறைந்தது கொழுப்பு மட்டுமன்று. தசையும் கரைந்தது, வலிமை வீழ்ந்தது, இதயத் துடிப்பும் தளர்ந்தது. மீண்டும் உணவு அளித்தபோது கொழுப்பு விரைந்து திரும்பிற்று. தசை மெல்லவே திரும்பிற்று. அவர்கள் பருத்தவர் அல்லர் என்பது உண்மையே. எனினும் பட்டினி நம் விருப்பம் கேட்டுக் கொழுப்பை மட்டும் எடுத்துச் செல்வதில்லை என்பது அங்குத் தெளிவாயிற்று. நடையும் தசையை முற்றக் காத்துவிடவில்லை.

பட்டினியையும் பளுவையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த சோதனைகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று 1988இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உடல் பருத்த 40 பெண்கள் நான்கு குழுவாகப் பிரிக்கப்பட்டு 8 வாரம் ஆராயப்பட்டனர். உணவை மட்டும் குறைத்தவர்களுக்கும், உணவைக் குறைத்துப் பளுவும் தூக்கியவர்களுக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவாகவே குறைந்தது. தராசில் நிறுத்திப் பார்த்தால் வேற்றுமை இல்லை. ஆனால் முன்னவர் கொழுப்பல்லாத உடற்பகுதியிலும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழந்தனர். பின்னவர் அதை இழக்கவில்லை, சிறிது பெற்றனர். இதன் காரணம் எளியது. உணவு குறையும்போது உடல் தன் சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறது. வேலையற்ற தசையும் அச்செலவில் சேர்ந்துவிடுகிறது. பளு தூக்கும் தசையை உடல் பேணுகிறது; அதற்குப் போதிய புரதமும் உணவில் இருத்தல் வேண்டும்.

இது நமக்கு ஏன் இன்றியமையாதது? 2004இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில், புனே நகர மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் இருவர் படத்தையும் அருகருகே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். ஆனால் இலண்டன் மருத்துவர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; நம் நாட்டவர் உடலில் 21.2 விழுக்காடு. முன்னவர் நெடுந்தூர ஓட்டக்காரர். பின்னவரின் பெரும் பயிற்சி, மருத்துவமனையில் மூடப்போகும் மின்தூக்கியின் கதவை ஓடிப் பிடிப்பதே என்று அவர்களே நகையாடினர். நகைச்சுவைக்குப் பின்னால் கவலை உண்டு. மெலிந்து தோன்றும் இந்தியரிடத்தும் கொழுப்பு மிகுந்து தசை குறைந்திருத்தல் பொதுவான இயல்பு. உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெரிதும் ஏற்றுக்கொள்வது தசையே. 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். இருக்கும் தசையையும் பட்டினியால் இழப்பது நம்மவர்க்குத் தகாது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாற்காலியில் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் நாம், ஊரில் நீர் இறைத்தும் மூட்டை சுமந்தும் உழைத்த முன்னோரின் சோற்றளவை மட்டும் உடன் கொணர்ந்துள்ளோம். அவ்வளவைக் குறைக்க முனைவோர் சற்றே குறைத்தால் போதும்; ஒரே வீச்சில் வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை. சோறு குறையும் இடத்தைப் பருப்பு, தயிர், முட்டை போன்றவற்றால் ஓரளவு நிரப்பலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், தத்தம் ஆற்றலுக்கேற்பச் சிறு பளுவில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்தலாம். இதய நோயுடையோரும் நீரிழிவுக்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். சில வாரம் கழித்துத் தராசில் ஏறும்போது, எடை எவ்வளவு குறைந்தது என்பதோடு, மாடிப்படி ஏறுதல் முன்னினும் எளிதாயிற்றா என்பதையும் நாம் சேர்த்து நோக்குதல் வேண்டும்.