வெள்ளி நாணயமும் வட்டமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசினையும் நேர்மையினையும் ஒருங்கே குறிப்பதாகும். எனினும் காசு கைமாறும் இடந்தோறும் ஒரு கழிவு நேர்ந்தே வந்திருக்கிறது. அக்கழிவு 'வட்டம்' எனப்பட்டது. வடபுலத்தார் 'பட்டா' என்றனர். நில உரிமையைக் குறிக்கும் பட்டா வேறு. வட்டம் எதனால் எழுந்தது, அதனை யார் சுமந்தனர், எவ்வாறு குறைந்தது என்பனவற்றை வெள்ளி ரூபாயின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோட்டம்

சங்கப் புலவருள் வடம வண்ணக்கன் தாமோதரனார் முதலியோர் பெயரில் 'வண்ணக்கன்' என்னும் அடை காணப்படுகிறது. நாணயம் நோட்டம் பார்ப்போன் என்பது அதற்குப் பொருள் என்பர். காசின் மாற்றையும் எடையையும் கண்டறிதல் தனித் தொழிலாக நின்றமை இதனாற் பெறப்படும். பிற்காலத்தில் இத்தொழில் சராப்புகளிடம் சென்றது. அவர்கள் பெற்ற வட்டத்தில் நோட்டக் கூலி, தேய்மானம், கள்ளக் காசு வந்து சேரும் இடர், மாற்று இலாபம் ஆகிய நான்கும் கலந்திருந்தன. எனவே வட்டம் முழுவதையும் பேராசை எனக் கொள்ளுதல் பொருந்தாது. முழுவதையும் கூலி எனக் கொள்ளுதலும் பொருந்தாது.

வங்காளத்துச் சிக்கா

இவ்விரண்டாவது கூற்றுக்கு வங்காளம் சான்றாகும். அங்கு ரூபாயில் அரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டது. புதிதாய் அடித்த 'சிக்கா' முழு மதிப்புப் பெற்றது. ஆண்டு செல்லச் செல்ல அதன் மதிப்புக் குறைக்கப்பட்டு, அது 'சனாத்' எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் கணக்கு முறையில் 100 சிக்கா 116 நடப்பு ரூபாய்க்கும், 100 சனாத் 111 நடப்பு ரூபாய்க்கும் ஈடாயின. நடப்பு ரூபாய் என்பது கணக்கில் மட்டும் வழங்கியது. அப்பெயரில் காசு இல்லை. தேயாத காசும் ஆண்டு பழமையால் மதிப்பிழந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வரி ஒரு நாணயத்தில் கேட்கப்பட, விளைபொருளுக்கு வேறு நாணயம் கிடைத்தபோது, இடைப்பட்ட வட்டம் உழவன் தலையிலேயே விழுந்தது. ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே எல்லா ரூபாயிலும் பொறிக்கும் முறை இக்குறையைக் களையவே வந்தது. 1793ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலியுறுத்தியது.

சென்னை

சென்னையில் சிக்கல் வேறு வகையினது. இங்குப் பொன் வராகன், வெள்ளிப் பணம், செப்புக் காசு என மூன்று உலோகங்கள் ஒருங்கே வழங்கின. கும்பினியார் கணக்கில் ஒரு வராகன் 42 பணம். ஒரு பணம் 80 காசு. கடைத்தெருவில் இவ்வீதம் நிலைத்து நின்றிலது. உலோக விலை மாறுந்தோறும் சராப்பின் வீதமும் மாறியது. இவற்றோடு ஆர்க்காட்டு ரூபாயும் வழங்கியது. அதனை அடிக்கும் உரிமையைக் கும்பினியார் 1742இல் பெற்றனர். 1818இல் வெள்ளி ரூபாய் சென்னையின் நிலை நாணயமாக்கப்பட்டு, 100 வராகனுக்கு 350 ரூபாய் என வீதம் வகுக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் 180 கிரெயின் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியும் உடைய ரூபாயைக் கும்பினி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் பொதுவாக்கியது. எடையும் மாற்றும் ஒன்றாகவே, வட்டத்திற்கு இடம் சுருங்கியது.

அக்கசாலையின் கழிவு

சராப்பின் வட்டம் சுருங்கினும் அரசின் கழிவு இருந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி, அக்கசாலைக்கு வெள்ளி கொணர்ந்தோர் நூற்றுக்கு 2 வீதம் அடிப்புக் கட்டணமும், ஆயிரத்துக்கு 1 வீதம் உருக்குக் கூலியும் செலுத்தினர். ரூபாயின் மதிப்பு வெள்ளி விலையினின்று பெரிதும் விலகாதிருக்க இம்முறையே காரணம். விலை மிகுந்து விலகின் வெள்ளி அக்கசாலைக்குச் செல்லும். குறைந்து விலகின் ரூபாய் உருக்குக் கலத்துக்குச் செல்லும். இலண்டனில் ஒரு அவுன்சு வெள்ளி 1872இல் ஏறத்தாழ 60 பென்சு விற்று, 1892இல் ஏறத்தாழ 40 பென்சாக வீழவே, ரூபாயும் உடன் வீழ்ந்தது. அதனால் 1893 ஜூன் 26இல் பொதுமக்களின் வெள்ளிக்கு அக்கசாலை அடைக்கப்பட்டது. அதன் பின்னர் ரூபாயின் முகமதிப்பு அதன் உலோக மதிப்பினும் உயர்ந்து நின்றது.

இன்றைய நிலை

1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. முன்னைய ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி உண்டு, பின்னையதில் 5.8 கிராமே உண்டு. எடை இரண்டிற்கும் ஒன்றே. ஆகவே பழைய ரூபாயை விற்கச் செல்வோர் ஆண்டினை நோக்குதல் இன்றும் வேண்டப்படுவதாகும். வங்காளத்தில் வெறும் வழக்காக நின்ற ஆண்டு வேற்றுமை, இங்கு உண்மை வேற்றுமையாயிற்று. இக்காலத்து வெள்ளிக் காசிலும் வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. செய்கூலியும் கடையின் ஆதாயமும் அவ்விடைவெளியில் அடங்கும். 2017 ஜூலை முதல் வாங்குவோர் செலுத்தும் 3 விழுக்காட்டுச் சரக்கு சேவை வரியும், அவர் திரும்ப விற்கும்போது மீள்வதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வட்டத்தின் அளவு நாணயத்தின் வேற்றுமையையும், அதனை அறியும் ஆற்றல் யாரிடம் உளது என்பதையும் பொறுத்தது என்பது பெறப்படும். எடையும் மாற்றும் வெளிப்பட நிற்குமிடத்து வட்டம் கூலியளவில் நிற்கும். அவை விற்போனுக்குத் தெரியாதவிடத்து வாங்குவோன் குறித்ததே விலையாகும். வண்ணக்கனின் கலை மக்கள் அனைவருக்கும் உரியதாதலே வட்டத்திற்குரிய சிறந்த வரம்பு எனலாம்.