வானிலை பலூனும் கணினியும்: மழை முன்னறிவிப்பு தொடங்குவது எங்கே?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 8 மணியையும் இரவு 8 மணியையும் ஒட்டி வானிலை பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. உலகின் பல நூறு நிலையங்களிலிருந்தும் அதே நேரத்தில் பலூன்கள் மேலெழும்புகின்றன. பலூனில் தொங்கும் சிறு கருவி வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், திசை ஆகியவற்றை அளந்து வானொலி அலைவழி அனுப்பிக்கொண்டே செல்லும். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடித்துவிடும்.

அந்த அளவீடுகள் மழை முன்னறிவிப்பாக மாறுவதற்கு இடையில் ஒரு முக்கியமான கணக்கு நடக்கிறது. அதன் பெயர் பகுப்பாய்வு.

இப்போதைய நிலை தெரிய வேண்டும்

கணினி மாதிரி, வளிமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, இயற்பியல் விதிகளைக் கொண்டு அடுத்த நிலையைக் கணக்கிடுகிறது. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் சேர்ந்து சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் உருவாக்கிய ‘சிங்வி’ மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் 1.5 கிலோமீட்டர்.

நாளைய நிலையைக் கணக்கிட, ஒவ்வொரு கட்டத்திலும் இந்த நேரத்தில் என்ன நிலவுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாக் கட்டங்களிலும் கருவி வைக்க இயலாது. தென்சீனக் கடலின் பெரும்பகுதியில் பலூன் நிலையமே இல்லை.

அதனால் சில மணி நேரத்துக்கு முன் மாதிரியே கணித்த நிலையை முதல் மதிப்பீடாக எடுத்துக்கொள்கிறார்கள். பலூன், விமானம், கப்பல், மிதவை, ரேடார், துணைக்கோளம் ஆகியவற்றின் அளவீடுகளைக் கொண்டு அதைத் திருத்துகிறார்கள். திருத்திய அந்தப் படம்தான் பகுப்பாய்வு. அடுத்த முன்னறிவிப்பு அதிலிருந்தே தொடங்குகிறது.

எதை எவ்வளவு நம்புவது?

ஓர் எடுத்துக்காட்டு. ஓரிடத்தில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்கிறது மாதிரி. கருவி காட்டுவதோ 27 டிகிரி. கருவியின் மீது இருமடங்கு நம்பிக்கை வைத்தால், பகுப்பாய்வில் 28 டிகிரி என்று பதிவாகும். இரண்டிலுமே பிழை இருக்கும் என்பதால், ஒவ்வொன்றின் பிழை அளவுக்கு ஏற்ப எடை போடப்படுகிறது.

திருத்தம் அந்த ஓரிடத்தோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள கட்டங்களுக்கும் பரவும். தொலைவு கூடக்கூட அதன் வலு குறையும். அளவீடு அரிதான கடற்பகுதியில் ஒரே ஒரு கப்பலின் தகவல்கூடப் படத்தைக் கணிசமாக மாற்றக்கூடும்.

எல்லா அளவீடும் ஏற்கப்படுவதில்லை. வெயிலில் காயும் காங்கிரீட் கூரை மீது வைத்த வெப்பமானி, கூரையின் சூட்டையும் சேர்த்தே காட்டும். அது சுற்றுவட்டாரத்தின் வெப்பநிலை ஆகாது. முதல் மதிப்பீட்டிலிருந்து மிகவும் விலகி நிற்கும் அளவீடுகளைத் தரச் சோதனை ஒதுக்கிவிடும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மாதிரி எதிர்பாராத புயல் உண்மையிலேயே உருவாகும்போது, சரியான அளவீடும் தவறானதாகக் கருதப்படலாம்.

நிலநடுக்கோட்டின் சிக்கல்

ஐரோப்பா போன்ற இடங்களில் பூமியின் சுழற்சி, காற்றழுத்தத்தையும் காற்றையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. அங்கே அழுத்தம் தெரிந்தால் காற்றை ஓரளவு ஊகிக்கலாம். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 டிகிரி வடக்கே உள்ள சிங்கப்பூரில் அந்தப் பிணைப்பு மிகவும் பலவீனம். காற்றை நேரடியாக அளந்தாக வேண்டும்.

ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2018ல் ஏவிய ‘ஏயோலஸ்’ துணைக்கோளம், லேசர் கதிரைக் கொண்டு விண்ணிலிருந்தே காற்றை அளந்தது. அதன் தரவுகளால் முன்னறிவிப்பு நன்கு மேம்பட்ட பகுதிகளில் வெப்பமண்டலமும் ஒன்று. 2023ல் அதன் பணி முடிந்தது.

அளவீடு குறைந்தால் என்ன ஆகும்?

2020ல் கொவிட்-19 காரணமாக விமானங்கள் தரையிறக்கப்பட்டபோது, அவை பறக்கும் வழியில் அனுப்பும் காற்று, வெப்பநிலைத் தகவல்கள் வெகுவாகக் குறைந்தன. எல்லா விமானத் தகவல்களையும் நீக்கிவிட்டால், விமானங்கள் பறக்கும் உயரத்தில் குறுகியகால முன்னறிவிப்பின் தரம் 15 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு நிலையம் முன்னரே சோதித்துக் கண்டிருந்தது. இழப்பை ஈடுகட்ட, சில ஐரோப்பிய நாடுகள் கூடுதல் பலூன்களைப் பறக்கவிட்டன.

அமெரிக்காவை 2012 அக்டோபரில் தாக்கிய ‘சேண்டி’ சூறாவளி இன்னொரு பாடம். அது கரையை நோக்கித் திரும்பும் என்பதை அந்த ஐரோப்பிய நிலையம் பல நாள்களுக்கு முன்பே கணித்தது. பின்னர், துருவங்களைக் கடந்து சுற்றும் துணைக்கோளங்களின் தரவுகளை மட்டும் நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சூறாவளி கடலிலேயே நின்றுவிடும் என்று தவறான விடை வந்தது. மக்களை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் அப்படி ஒரு விடை கிடைத்திருந்தால் விளைவு மோசமாக இருந்திருக்கும்.

இந்த வட்டாரத்தில் சில கிலோமீட்டர் அகலமே உள்ள இடிமழை ஒரு மணி நேரத்துக்குள் உருவாகிக் கலைந்துவிடும். காலையில் பார்த்த முன்னறிவிப்பு பிற்பகலில் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இடைப்பட்ட நேரத்தில் புதிய அளவீடுகள் வந்து பகுப்பாய்வு திருத்தப்பட்டிருக்கும். வெளியில் நிகழ்ச்சி நடத்துவோர், கிளம்புவதற்கு முன் அண்மைய முன்னறிவிப்பை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.